பாதி விலைக்குப் போன அம்ப்ளிபயர்

வெள்ளிக்கிழமை. அசர் தொழுகைக்குப் பிறகு வீட்டில் நான், மகன் பைரூஸ், என் தங்கச்சி சபீனா, சாமான் வாங்க வந்த மட்டக்களப்பு ஆள். பைரூஸ் தன் மகளுக்குக் கட்டும் வீட்டுக்குக் கூரை போட, கட்டாரில் வேலை செய்தபோது ஆசையாய் வாங்கிய கிற்றார் அம்ப்ளிபயரை விற்கிறான்.

வந்தவர் பாதி விலைதான் சொன்னார். "திறமான சாமான்தான் உம்மா. ஆனா சரியான பாரம், உள்ள இருக்கிற வால்வு பல்பும் தேயும். இப்ப இதே சத்தத்தக் கைக்குள்ள அடங்குற பெட்டி தருது. இதத் தேடி வாற ஆக்கள் குறைவு."

சபீனா கையைத் தூக்கிக் காப்பைக் குலுக்கினாள். "தங்கம் எண்டா ஏறும் ராத்தா. சத்தத்த வாங்கி வெச்சா இறங்கத்தானே செய்யும்?"

அது எங்கள் உம்மாவின் காப்பு. மூத்தவளான எனக்கு என்றுதான் உம்மா சொன்னா. நான் மறக்கவில்லை.

பைரூஸ் அந்த விலைக்கே கொடுத்துவிட்டான். அந்தக் காசுக்குக் கூரை பாதிதான் வரும். வாங்கியவரில் எனக்குக் கோபமில்லை. சபீனாவைத்தான் மன்னிக்க மாட்டேன்.