நாகமணி அந்தப் பெண்ணிடம் சொன்னது

1992 பிப்ரவரி 3, திங்கள்

களத்தில் காயும் மிளகாய்ப் பழத்தின் நெடி தெரு முழுக்க. தும்மிக்கொண்டே எழுந்தேன். என் மனைவி நாகமணி எனக்கு முன்பே விழித்திருந்தாள், ஆனால் எழவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். காப்பியை நானே போட்டேன். குடித்தாள். நன்றாக இருக்கிறதா என்றேன். "ம்" என்றாள்.

நான் வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் தொடங்கியது இது. முதலில் ரத்தசோகை என்றார்கள். அருப்புக்கோட்டையில் ஊசி போட்டோம், டானிக் வாங்கினோம். ரத்தம் ஊறியது, ஆள் தேறவில்லை. சாமிக்கு நேர்ந்து முடியும் இறக்கியாயிற்று. மகன் ஆனந்தகுமார் ஓசூரில் நல்ல வேலையில் இருக்கிறான். பென்ஷன் வருகிறது. அப்புறம் என்ன குறை? கணக்கு வரவில்லையென்றால் எங்கோ ஓர் எண்ணைத் தப்பாக எழுதியிருக்கிறாய், திரும்பப் பார் என்று பையன்களுக்குச் சொல்வேன். இதில் எல்லா எண்ணும் சரியாகத்தான் இருக்கிறது. விடைதான் வரவில்லை.

கேட்டால் ஒரே பதில்: ஒண்ணுமில்ல.

பிப்ரவரி 9, ஞாயிறு

கருத்தப்பாண்டி ஒரு பெண்ணை அழைத்து வந்தான். என்னோடு வேலை பார்த்த ட்ரில் மாஸ்டர் அவன். ஊருக்கு யார் புதிதாக வந்தாலும் முதலில் அவன் கையில்தான் மாட்டுவார்கள். அந்தப் பெண் பெயர் சுபத்ரா. முப்பது வயதிருக்கும். மதுரையில் மனநல ஆராய்ச்சி செய்கிறாள். கிராமத்துப் பெண்களுக்கு மனச்சோர்வு எந்த அளவு இருக்கிறது, அதோடு சேர்ந்து வரும் தூக்கக் கேடு, பசியின்மை, உடம்பு வலியெல்லாம் எப்படி என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுகிறார்கள். எங்கள் ஊர் பரளச்சியில் எல்லோருக்கும் தெரிந்த ஒருவர் துணைக்கு வேண்டுமாம்.

கேள்விகளைக் காட்டினாள். 'அண்மைக் காலத்தில் மனச்சோர்வுக்கு ஆளானீர்களா?' எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இப்படிக் கேட்டா பரீட்சைன்னு நெனச்சு எந்திரிச்சு ஓடிருவாகம்மா. 'மனசு வெறுவெறுன்னு இருக்கா'ன்னு கேளுங்க. 'ஒரு வேலையிலயும் மனசு ஒட்டலையா'ன்னு கேளுங்க."

உடனே எழுதிக்கொண்டாள். "இதுக்குத்தான் சார் நீங்க வேணும்" என்றாள். பிடித்துப் போய்விட்டது அந்தப் பெண்ணை. நல்ல மாணவி.

நான் பேசும்போது அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. பிறகு மறுபடி கேட்டது.

பிப்ரவரி 15, சனி

நாளை வருகிறார்கள். இன்று சாயங்காலம் தெருப் பெண்களை வேப்பமரத்தடிக்கு வரச்சொன்னேன். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் முந்தின நாள் பிள்ளைகளைத் தயார் செய்யாத வாத்தியார் உண்டா? ஊர் மானம் இருக்கிறது. பரளச்சியில் பாதிப் பேருக்கு மூளை சரியில்லை என்று மதுரையில் பேச்சானால், நாளைக்கு இந்தத் தெருவில் யார் பெண் எடுப்பார்கள்?

"தூக்கம் வருதான்னு கேப்பாக. நிம்மதியான உறக்கம் வருகிறதுன்னு சொல்லணும்."

பக்கத்து வீட்டு வெள்ளைத்தாய் கையைத் தூக்கினாள். "வரலைன்னா வாத்தியாரய்யா?"

"வருதுன்னே சொல்லு."

"எனக்கு வருது. எங்க வீட்டுக்காரரு விடுற கொறட்டையிலதான் போயிருது. அதையும் சொல்லவா?"

எல்லோரும் சிரித்தார்கள். மறுபடி மறுபடி சொல்ல வைத்தேன். கடைசியில் ஒரே குரலில் வந்தது. பழைய வகுப்பறைபோல இருந்தது. நாகமணியும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் உதடும் அசைந்தது.

பிப்ரவரி 16, ஞாயிறு

தெரு முழுவதையும் முடித்துக்கொண்டு சுபத்ரா கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்தாள். "சார், இந்தத் தெருவுல எல்லாருமே சந்தோஷமா இருக்காங்க" என்றாள். முகத்தில் சந்தோஷம் இல்லை. நான் உள்ளுக்குள் மார் தட்டிக்கொண்டேன்.

என்னை வெளியே இருக்கச் சொன்னாள். எல்லா வீட்டிலும் அப்படித்தான், யாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்பதில்லை. ஜன்னல் வழியாகக் குரல் கேட்டது. நாகமணி சொல்லிக்கொடுத்தபடியே ஒப்பித்தாள். ஒரு பிழை இல்லை. சரி, இதோ வந்துவிடுவாள் என்று வாசலில் நின்றேன்.

வரவில்லை. எட்டிப் பார்த்தால் சுபத்ரா பேனாவைப் பையில் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். நாகமணி கொட்டை எடுக்கப் பரப்பி வைத்திருந்த புளியில் ஒரு கை அள்ளி அவளும் எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஒன்றும் கேட்கவில்லை. நெடுநேரம் இரண்டு பேரும் பேசவே இல்லை.

அப்புறம் நாகமணி பேசத் தொடங்கினாள். தணிந்த குரல். ஒரு சொல்கூட எனக்குப் பிடிபடவில்லை. பேசினாள், பேசினாள்... அழுத மாதிரி இருந்தது. நடுவில் ஒரு தரம் சிரித்தாள். இந்த வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம்!

அந்தப் பெண் போன பிறகு கேட்டேன், என்ன பேசினீர்கள்?

"ஒண்ணுமில்ல."

பிப்ரவரி 17

ஒண்ணுமில்லாததுக்கா அவ்வளவு நேரம்?

மார்ச் 1, ஞாயிறு

போன ஞாயிறும் சுபத்ரா வந்தாள், இன்றும் வந்தாள். ஆராய்ச்சி அடுத்த தெருவுக்குப் போய்விட்டது, இங்கே என்ன வேலை? நாகமணி காலையிலேயே குளித்துத் தலை பின்னிக்கொண்டாள். பணியாரம் சுட்டாள். வாரம் முழுக்க எனக்கு அரைவேக்காட்டுச் சோறு, ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பணியாரம்! எனக்கும் ஒரு தட்டில் வைத்தாள். இல்லையென்று சொல்லக்கூடாது. ஆறிப்போயிருந்தது.

நான் பார்த்துப் பார்த்துத் தண்ணீர் ஊற்றிய செடி, நேற்று வந்தவள் தொட்டதும் துளிர்க்குமா? துளிர்த்தால் சந்தோஷப்பட வேண்டியதுதானே? சந்தோஷம் வரவில்லை. என்ன மனுசன் நான்.

மார்ச் 8, ஞாயிறு

பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்து போய்ச் சுபத்ராவிடம் கேட்டே விட்டேன்.

"என்னம்மா சொல்றா என் வீட்டம்மா?"

"அதை நான் சொல்லக்கூடாது சார். அவங்களாச் சொல்லட்டும்."

"என்கிட்ட சொல்றதில்லையே."

"டாக்டரப் பாக்கலாம்னு சொல்லியிருக்கேன். யோசிக்கிறேன்னாங்க. அதுவரைக்கும் வாரேன்."

வாரேன் என்கிறாள். நம் ஊர்ப் பேச்சும் பழகிவிட்டது. என் வீட்டுத் தரையில் உட்கார்ந்து, என் மனைவி மனசில் இருப்பதைத் தெரிந்து வைத்துக்கொண்டு, எனக்குச் சொல்லமாட்டாளாம்.

கருத்தப்பாண்டியிடம் புலம்பினேன். "ஏலே அப்பய்யா, எவனாச்சும் ஆம்பள வந்து பேசிட்டுப் போறான்னு சொன்னாலும் ஒரு ஞாயம் இருக்கு. பொம்பளப்புள்ள மேல பொறாமைப்பட்ட மொத ஆளு நீதாம்லே" என்றான். டீக்கடையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

அந்தப் பெண் போனதும் நேராகவே கேட்டேன். "அவகிட்ட சொல்றத என்கிட்ட சொன்னா என்ன? நான் என்ன அந்நியனா?"

நாகமணி சொன்னாள். "உங்ககிட்ட சொன்னா உதாரணம் சொல்லுவீக."

"என்ன?"

"போன வருசம் நெஞ்சுல கல்லு வச்ச மாதிரி இருக்குன்னு சொன்னேன். பள்ளிக்கூடத்துல படிச்ச எவனோ ஒரு பையன், கால் ஊனமா இருந்தும் ஓட்டப் பந்தயத்துல ஜெயிச்சான்னு சொன்னீக. நல்ல கதைதான். கல்லு அப்படியே இருந்துச்சு."

தைரியம் வரட்டுமென்றுதானே சொன்னேன்? நல்லதுக்குத்தானே? அந்தப் பெண் மட்டும் என்ன செய்கிறாள், புளியங்கொட்டை எடுக்கிறாள். அது பெரிய வைத்தியமா?

மார்ச் 22, ஞாயிறு

இன்று செய்ததை எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

அவள் வருகிற பஸ் நேரத்துக்கு முன்னாலேயே போய் நிறுத்தத்தில் நின்றேன். இறங்கியதும் சொன்னேன், "நாகமணி ஓசூருக்குப் போயிருக்காம்மா, மகன் வீட்டுக்கு. வர ரெண்டு மாசமாகும்." என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தாள். நல்லதுதான் சார், அவங்க வந்ததும் சொல்லியனுப்புங்க என்றாள். அதே பஸ் திருச்சுழி போய்த் திரும்பி வரும்வரை வெயிலில் நின்று ஏறிப் போனாள்.

வீட்டில் நாகமணி தலை பின்னி உட்கார்ந்திருந்தாள். பொழுது சாயும் வரை வாசலைப் பார்த்தபடியே இருந்தாள். பிறகு பணியார மாவை எடுத்துக்கொண்டுபோய் வெள்ளைத்தாய் வீட்டு ஆட்டுத் தொட்டியில் ஊற்றினாள்.

மார்ச் 24

நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. அந்தப் பெண்ணுக்கும் அலுத்துப் போச்சு போல, என்றாள். அவ்வளவுதான் பேச்சு. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

சொல்லிவிடலாமா?

மார்ச் 25, புதன்

உச்சி வெயிலில் வெள்ளைத்தாய் ஓடி வந்தாள். "வாத்தியாரய்யா, அக்கா கண்மாய்க்குள்ள இருக்கிற கெணத்து மேட்டுல ஒத்தையில உக்காந்துருக்காக. கூப்பிட்டா காது கேக்காத மாதிரி இருக்காக. வாங்க, வாங்க!"

செருப்பு போட்டேனா இல்லையா தெரியவில்லை. கண்மாய்த் தரை வெடித்துக் கிடக்கிறது, விழுந்து எழுந்து ஓடினேன். கிணற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கையைப் பிடித்தேன். சூடாக இருந்தது. "சும்மாதான் வந்தேன்" என்றாள். சும்மாவா? சும்மா எவளாவது இங்கன வந்து உக்காருவாளா? ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன்... என்ன பண்ணிட்டேன்.

அங்கேயே சொன்னேன். அந்தப் பொண்ணு ஞாயித்துக்கெழம வந்துச்சு நாகமணி. நாந்தான் பொய் சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

என்னைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை. "ஏன்?" என்று மட்டும் கேட்டாள்.

மார்ச் 26, வியாழன்

வெள்ளைத்தாயைத் துணைக்கு இருக்கச் சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போனேன். சுபத்ரா இருக்கும் அலுவலகத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன். ஒன்றுவிடாமல் சொன்னேன், கிணற்று மேட்டையும் சேர்த்து. திட்டுவாள் என்று நினைத்தேன். உடனே எழுந்துபோய் டாக்டரிடம் பேசிவிட்டு வந்தாள். "இனி யோசிக்க நேரமில்ல சார். நாளைக்கே கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் தனியா விடாதீங்க. இது அவங்க மனசு வச்சாச் சரியாகிற விஷயம் இல்ல. சீக்குதான். மருந்து இருக்கு."

"அவ குணம் அப்படின்னு நெனச்சுட்டேம்மா."

"எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க."

புறப்படும்போது, வேப்பமரத்தடி வகுப்பையும் சொல்லிவிட்டேன். அவள் சிரித்தாள்! "எனக்கு அன்னைக்கே தெரியும் சார். வெள்ளைத்தாயம்மா 'நிம்மதியான உறக்கம் வருகிறது'ன்னாங்க. இந்த ஊருல உங்களத் தவிர உறக்கம் வருகிறதுன்னு யாரு பேசுவா?"

ஏப்ரல் 5, ஞாயிறு

மாத்திரை தொடங்கியாயிற்று. உடனே ஒன்றும் தெரியாது, சில வாரம் பொறுக்க வேண்டும் என்றார் டாக்டர். உள்ளே அவள் பேசி முடிக்கும்வரை நான் வராந்தாவில் இருந்தேன். கதவுக்கு வெளியே இருப்பது பழகிவிட்டது. பிடித்துவிட்டது என்று சொல்லமாட்டேன்.

ஏப்ரல் 19

நாக்கு வறள்கிறது, மாத்திரை வேண்டாம் என்கிறாள். நான் கெஞ்சினேன், கேட்கவில்லை. சுபத்ரா வந்து ஒரு வார்த்தை சொன்னாள், போட்டுக்கொண்டாள். திகுதிகுவென்று வருகிறது எனக்கு. வரட்டும். மாத்திரை உள்ளே போனதே, அது போதும்.

மே 17, ஞாயிறு

எங்கள் தெருவில் முதலிலிருந்து மறுபடி கேட்கிறார்கள். இந்தத் தடவை நான் தெருவிலேயே இருக்கக்கூடாது என்பது சுபத்ராவின் உத்தரவு. கருத்தப்பாண்டி வீட்டில் போய்க் கிடந்தேன். "வகுப்ப விட்டு வெளிய நிறுத்திட்டாகளாக்கும்" என்றான்.

சாயங்காலம் திரும்பி வந்தால் வெள்ளைத்தாய் கண் வீங்கியிருந்தது. "எம்புட்டு வருசமா வச்சுருந்தேன் வாத்தியாரய்யா, இன்னைக்குத்தான் எறக்கி வச்சேன்" என்றாள். அன்று அவள் கொறட்டைக் கதைக்கு நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

நாகமணி இன்று சோற்றை அரைவேக்காடு இல்லாமல் குழைய வடித்திருந்தாள்.

ஜூன் 7

நாகமணி பாதி நாள் நன்றாக இருக்கிறாள். பாதி நாள் பழையபடி. நல்ல நாளில் அந்தப் பெண் வந்தால், அவளுக்குத்தான் அந்த நல்ல நாள் முழுவதும் போகிறது. எனக்கு மிச்சம்.

ஜூன் 28, ஞாயிறு

சுபத்ரா இன்று வரவில்லை. நாகமணி எதிர்பார்த்த மாதிரியும் தெரியவில்லை. மத்தியானம் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், ஈரச் சேலையின் ஒரு நுனியை என்னைப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன். மறுநுனியை அவள் உதறி விரித்தாள். சேலைக்கு அந்தப் பக்கமிருந்து, முகம் தெரியாமல், பேச ஆரம்பித்தாள்.

எனக்குள் உடனே ஒரு பையன் கதை கிளம்பி வந்தது. பல்லைக் கடித்தேன். சேலை காய்ந்து இலேசாகிக் காற்றில் ஆடத் தொடங்கியது, கொடியில் போடச் சொல்லவில்லை, அவள் பேச்சும் முடியவில்லை. கை கடுத்தது. இதை அந்தப் பெண்ணிடம் முதலிலேயே சொல்லிவிட்டாளா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை.

என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அது அவள் சொன்னது.