வாயில் வைக்காத ஒயின்

12-3-1973, திங்கள்

நல்ல ஒயின் எப்படி ருசிக்கும்? எனக்குத் தெரியாது. இதை எழுதவே கை கூசுகிறது.

போன வருடம் அர்ஜென்டினாவின் மலைப் பாலைவனத்தில், ஒரு திராட்சைத் தோட்டத்தில், மூன்று வாரம் ஒயின் செய்முறை கற்றேன். அனுப்பியது தம்பி. ரசாயனம் படித்த அக்காவை நம்பினான். அங்கே எல்லோரும் ருசி பார்க்க ஒரு வாய் கொப்பளித்துத் துப்பினார்கள். நான் மட்டும் மது என்ற கூச்சத்தில் கிளாஸை உதட்டருகே கொண்டுபோய் இறக்கிவிட்டு, பக்கத்தில் இருந்தவர் சொன்ன ருசியை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

தம்பி தன் பனியன் கம்பெனியில் துணி வெளுக்கும் தொட்டியைப் பலமுறை கழுவி, அதில்தான் தன் தோட்டத்துத் திராட்சையைப் புளிக்கவைத்தான். நான் தடுக்கவில்லை. அமிலத்தை அளந்தேன், சரியாக இருந்தது. ருசியை எதைக் கொண்டு அளப்பது?

சாயங்காலம் ஒயினை டம்ளரில் கொண்டுவந்தான்.

"நாளைக்குப் பெங்களூர் வியாபாரி வர்றாருங்க்கா. நீங்க நல்லாருக்குதுன்னா காட்டறேன். இல்லீன்னா கொடியெல்லாம் வெட்டிப்போட்டுப் பருத்தி போட்டர்றேன்."

தலைவலி, காலையில் சொல்கிறேன் என்றேன். டம்ளர் மேசைமேல் இருக்கிறது. அவனுக்கு இருக்கிற ஒரே தோட்டம். நான் என்ன சொல்வது?

13-3-1973

விடிந்ததும் குடித்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவின் வாடை நாக்கிலேயே நின்றது. தொட்டியில் ஊறியிருந்த பிளீச்சிங் பவுடர். தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குறை தொட்டியில்தான், கொடியில் இல்லை என்றும் சொன்னேன்.

"துப்பறதுக்குக்கூட வாயில வெக்கலீங்களா?" என்றான்.

வியாபாரிக்கு மோர் கொடுத்து அனுப்பினோம். மத்தியானம் கொடி வெட்ட ஆட்கள் இறங்கினார்கள்.