கணக்கில் வேறு பெயர்

சனி, 8/11

காலையிலிருந்து மழை. துவைத்த துணி மூன்றாவது நாளாக வீட்டுக்குள்ளேயே. கிளினிக் அரை நாள். பல் பிடுங்க நால்வர், ஊசியைப் பார்த்ததும் எழுந்து போனவர் ஒருவர்.

சாலையோர ஒட்டுக்கடையில் பசியாறிக்கொண்டிருந்தபோது பேனா விற்கும் அந்தப் பெண் மறுபடியும். பிளாஸ்டிக் உறை போட்ட படங்கள், சித்தியவானில் ஆதரவற்ற பிள்ளைகள் இல்லம், ஒரு பேனா பத்து வெள்ளி. போன வாரமே விலாசத்தைக் கேட்டு எழுதிக்கொண்டேன். சித்தியவானில் இருக்கும் நாத்தனாரை அனுப்பியும் பார்த்தாயிற்று. அங்கே இருப்பது டயர் கடை. கடைக்காரச் சீனர் பதினாறு வருடமாக அங்கேதான் டயர் மாற்றுகிறாராம். ஒரு பிள்ளையையும் பார்த்ததில்லையாம்.

அவளிடம் அதைச் சொன்னேன். மறுக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. படங்களை அடுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு மழையோடு நடந்துவிட்டாள். அந்தப் படத்துப் பிள்ளைகள் யார்? எங்கே எடுத்தது? கேட்காமல் விட்டுவிட்டேன். அதுதான் மண்டைக்குள் குடைகிறது.

வீட்டுக்காரர் அந்தோணிக்கு இதெல்லாம் வேண்டாத வேலை. கை நீட்டியவருக்கெல்லாம் கொடுத்துவிட்டு அடுத்த நிமிடம் மறந்துவிடும் ஆள்.

சாயங்காலம் எங்கள் தாமான் குடியிருப்பு வாட்சப் குழுவுக்கு ஒரு குரல் பதிவு. தமிழில் தட்ட எனக்கு நேரமாகும், பேச ஆரம்பித்தால் நிற்காது. பெயர் சொல்லவில்லை. "ஈப்போவுலேருந்து ஒரு அக்கா பேசுறேன்" என்று தொடங்கி, டயர் கடைக் கதையைச் சொல்லி, ஐந்து விதிகள்:

1. பதிவு எண் கேள்.
2. விலாசத்துக்கு ஆள் அனுப்பு.
3. உதவி கேட்பவரின் பெயரும் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும். வேறு பெயர் என்றால் பொய்.
4. போன் பண்ணு. எடுக்கவில்லையா, விடு.
5. "இந்தத் தேதிக்குள்" என்று அவசரப்படுத்தினால் நம்பாதே.

இரண்டு நிமிடம் நாற்பது வினாடி. திரும்பப் போட்டுக் கேட்டேன். குரல் நன்றாகத்தான் இருக்கிறது. இன்னொரு தடவையும் கேட்டேன்.

ஞாயிறு, 9/11

வெயில். துணி காய்ந்தது.

அம்மாவின் நினைவு நாள். பூசை முடிந்து, வழக்கம்போல் முதியோர் இல்லத்துக்கு மதியச் சாப்பாடு. கோழி பிரியாணி, நாற்பது பேருக்கு. போனால் வாசலில் இன்னும் இரண்டு காடி வந்து நிற்கிறது. ஒரு குடும்பத்துக்குப் பிறந்த நாள், இன்னொன்றுக்குக் கல்யாண நாள். அவர்களும் பிரியாணி. படம் எடுக்க முதியவர்களை வரிசையாக உட்கார வைத்தோம். அதே வரிசை, மூன்று தடவை. ஒரு பெரியவர் என் தட்டைப் பார்த்துவிட்டுக் கஞ்சி கிடைக்குமா என்று கேட்டார்.

கிளம்பும்போது பொறுப்பாளர் அம்மா சமையலறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்த் தணிந்த குரலில் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு மிஞ்சிப் போகிறதாம். வேண்டியது பெரியவர்களுக்கான டயப்பர், அப்புறம் புதன்கிழமைகளில் யாராவது வந்து நகம் வெட்டிவிடுவது.

பதினோரு வருடமாகப் பிரியாணி. பதினோரு வருடமாக என்ன வேண்டும் என்று கேட்டதில்லை. அம்மாவுக்கும் பிரியாணி பிடிக்காது, அது வேறு.

வாங்க: டயப்பர் பெரிய சைஸ், நகவெட்டி, சலவைத்தூள்.

செவ்வாய், 11/11

மந்தாரம். கிளினிக்கில் கூட்டம்.

பாரிட் புந்தாரிலிருந்து ஒன்றுவிட்ட தங்கை ஒரு குரல் பதிவு அனுப்பியிருக்கிறாள். "கேட்டுப் பாரு செலின், யாரோ ஒரு அக்கா நல்லா சொல்றாங்க." என் பதிவு! நான்தான் என்று அவளுக்குச் சொல்லவில்லை. நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன். டாக்டர் என்ன விஷயம் என்றுகூடக் கேட்டார்.

புதன், 12/11

பக்கத்து வீட்டு சரோஜா அக்கா போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். வடை போட்டு விற்கும் காசில் மாதம் நூறு வெள்ளி தர்மத்துக்கு என்று ஒதுக்குபவர். அழுகிற படமாகப் பார்த்துப் பார்த்துக் கொடுப்பார். என் பதிவுக்கு அப்புறம் என்னிடம் காட்டாமல் எதற்கும் கொடுப்பதில்லை.

இன்றைய செய்தி: சுங்காய் பக்கம் ஒரு தோட்டம். முனியாண்டி, செம்பனைக் குலை வெட்டுபவர். பழக்குலை விழுந்து கால் எலும்பு இரண்டு துண்டு. உள்ளே இரும்புத் தகடு வைக்க முன்பணம் கட்டவேண்டும், 20ஆம் தேதிக்குள். படத்தில் காலில் மாவுக்கட்டோடு ஒரு ஆள். படத்தின் மூலையில் யாருடைய கட்டைவிரலோ. கணக்கு பார்வதி என்ற பெயரில். கீழே போன் நம்பர்.

இரண்டு தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மூன்றாம் விதி, நான்காம் விதி, ஐந்தாம் விதி, மூன்றிலும் தோல்வி. சரோஜா அக்காவின் நூறு வெள்ளியைக் காப்பாற்றினேன்.

குழுவுக்கு இரண்டாம் குரல் பதிவு: சுங்காய் கால் செய்தி பொய், பார்வதி என்ற கணக்கில் யாரும் பணம் போடாதீர்கள். பெயரை முழுதாகப் படித்தேன், நம்பரையும். கட்டைவிரல் படங்களாக வந்து குவிந்தன.

வெள்ளி, 14/11

மழை. இடது கால் முட்டி வலி.

அந்தப் படம் சும்மா விடமாட்டேன் என்கிறது. இன்று மட்டும் நான்கைந்து தடவை திறந்து பார்த்தேன். முனியாண்டி சிரிக்கிறார். ஏமாற்றுகிறவன் எதற்குச் சிரிக்கிற படத்தைப் போடுவான்? பேனா விற்றவளின் படங்களில் ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. வெளிச்சம், முகம், கண்ணீர் எல்லாம் அளவாக இருந்தன. இதில் பாதி படம் கட்டைவிரல்.

மறுபடி கூப்பிட்டேன். இப்போது போனே அணைத்திருக்கிறது. மாட்டிக்கொண்டதும் அணைத்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டதில் பாதிதான் நம்பிக்கை.

அந்தோணி நாளை லாரி சாமான் கொடுக்க ஸ்லிம் ரிவர் போகிறார். சுங்காய் வழிதான். நானும் வருகிறேன் என்றேன். "விதி ரெண்டா?" என்றார். ஆமாம், விதி இரண்டு. சித்தியவானுக்கு ஆள் அனுப்பத் தெரிந்தது, சுங்காய்க்குத் தெரியவில்லை.

சனி, 15/11

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அந்தத் தோட்டம் முன்பு ரப்பர், இப்போது கண்ணுக்கெட்டிய மட்டும் செம்பனை. வரிசையாகக் கட்டிய பழைய லயத்து வீடுகளில் பாதி இடிந்து கிடக்கிறது, பாதியில் ஆட்கள். ஒரு வாசலில் நின்று, "இங்க பார்வதி வீடு எதுங்க?" என்று கேட்டேன். சோறு வடித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். சட்டியை இறக்கி வைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். "ஈப்போவுலேருந்து வாரீங்களா அக்கா?" என்றாள். எப்படித் தெரிந்ததோ. அவள்தான் பார்வதி. உள்ளே கூப்பிட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அந்தோணிக்குப் பால் இல்லாத கொப்பி ஓ, எனக்கு மைலோ.

முனியாண்டி அடுத்த வீட்டில், பலகைக் கட்டிலில். கால் உண்மை, கட்டு உண்மை. ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்பு ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கிறது. வரும் வியாழன் அறுவைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். அதை விட்டால் கோணலாகக் கூடிவிடும், பிறகு மரத்தடியில் நிற்க முடியாது என்று டாக்டர் சொன்னாராம்.

ஏன் சிரிக்கிறீர்கள் என்று படத்தைக் காட்டிக் கேட்டேன். பார்வதிதான் பதில் சொன்னாள்: "அழுவுற மாதிரி இருங்கண்ணேன்னு சொன்னேன்க்கா. நான் போனைத் தலைகீழா புடிச்சிருந்தேன், அதப் பாத்துட்டு சிரிச்சிட்டாரு." கட்டைவிரல் அவளுடையது.

பிறகு கணக்கு. அதைத்தான் கேட்க வந்தேன். முனியாண்டிக்கு ஐசி அடையாள அட்டை இல்லை. இதே லயத்தில் நான்கு வீடு தள்ளிப் பிறந்தவர், வயது முப்பத்து நான்கு. பெற்றதும் அம்மா போய்விட்டார், அப்பா எங்கோ போனார், பிறப்பைப் பதிய ஆள் இல்லை. பார்வதியின் அம்மாதான் எடுத்து வளர்த்தது. மூன்று தடவை மனுப் போட்டாயிற்று. ஐசி இல்லாமல் பேங்கில் கணக்கு திறக்க முடியாது. ஆஸ்பத்திரித் தாளில் "புக்கான் வார்கா நெகாரா" என்று அடித்திருக்கிறார்கள். இந்த நாட்டுக் குடிமகன் இல்லையாம், அதனால் வெளிநாட்டுக்காரருக்கான கட்டணம். அவர் போன தூரமெல்லாம் பக்கத்து ஊர் தாப்பாவரைக்கும்தான்.

அதனால்தான் கணக்கு பார்வதி பெயரில். அதனால்தான் வேறு பெயர். என் மூன்றாம் விதி.

புதன்கிழமை போன் எடுக்காதது ஏன் என்றும் கேட்டேன். நாற்றுப்பண்ணையில் வேலை, அங்கே லைன் கிடைக்காது. அப்புறம் ஏன் அணைத்துவிட்டாள்? யாரோ ஒரு அக்கா குரல் பதிவு போட்டிருக்கிறாராம், அதற்கப்புறம் தெரியாதவர்கள் எல்லாம் கூப்பிட்டுத் திட்டினார்களாம். ஒருவன் அவள் மகளிடம் அசிங்கமாகப் பேசியிருக்கிறான். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

நான்தான் அது என்று சொல்லவில்லை. வாய் வரவில்லை. இரண்டு நிமிடம் நாற்பது வினாடி மூச்சுவிடாமல் பேசிய வாய்.

வெட்கமாக இருக்கிறது. வேறு எப்படி எழுதுவது?

ஞாயிறு, 16/11

பூசையில் மனம் நிற்கவில்லை.

மூன்றாம் குரல் பதிவு. முந்தைய இரண்டையும் போட்டது நான்தான், சுங்காய் விஷயத்தில் தவறு செய்துவிட்டேன், நேரில் போய்ப் பார்த்தேன், கால் உண்மை. பார்வதியின் கணக்குக்கு இனி யாரும் போடமாட்டார்கள் என்பதால் என் கணக்கு எண்ணைக் கொடுத்தேன், பெயரோடு.

பிறகு மூன்றாவது சந்து ஸ்டீவன், மரியாதையாகத்தான் கேட்டான்: "அக்கா, கணக்கு பேரு ஒத்துப்போகலையே. நீங்கதானே சொன்னீங்க?"

சரியான கேள்வி.

சரோஜா அக்கா வந்து நூறு வெள்ளியைக் கையில் வைத்தார். படத்தை இன்னொரு தடவை காட்டச் சொல்லிப் பார்த்தார். சிரிக்கிற ஆளுக்குக் கொடுப்பது இதுதான் முதல் தடவையாம்.

செவ்வாய், 18/11

மழை. துணி மறுபடி உள்ளே.

சித்தியவான் நாத்தனார் ஒரு எச்சரிக்கை அனுப்பியிருக்கிறாள்: செலின் என்ற பெயரில் சுங்காய் கால் மோசடி மீண்டும் கிளம்பியிருக்கிறது, பணம் போடாதீர்கள். கூடவே ஆதாரமாக ஒரு குரல் பதிவு. என் இரண்டாம் பதிவு! அந்தோணி அதைப் போட்டுக் கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் கொப்பி சட்டையில் கொட்டியது. எனக்கும் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. பொய் என்று சொன்ன பதிவு சித்தியவான் வரை போனது. உண்மை என்று சொன்னது எங்கள் தாமான் கேட்டைத் தாண்டவில்லை.

முன்பணத்தில் வந்தது பாதிக்குக் கொஞ்சம் மேல். ஸ்டீவன் கடைசியில் போட்டான். எக்ஸ்ரேயைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, மருத்துவமனையில் வேலை செய்யும் தன் தம்பியிடம் காட்டிவிட்டுப் போட்டான். நான் செய்திருக்க வேண்டிய வேலை. மீதியை நாங்கள். கிறிஸ்துமஸுக்கு வாங்க வைத்திருந்த புது சோபா அடுத்த வருடம். பழைய சோபா ஒன்றும் கோபித்துக்கொள்ளாது என்றார் அந்தோணி.

அந்தோணி போல எல்லாருக்கும் கொடுத்தால் டயர் கடைக்கும் போகும். என்னைப் போல விதி போட்டால் முனியாண்டிக்குப் போகாது. நடுவில் என்ன இருக்கிறது? போய்ப் பார்ப்பது. ஆனால் எத்தனை பேரைத்தான் போய்ப் பார்க்க முடியும்? வருடத்துக்கு மூன்று பேர்? நான்கு?

பார்வதியிடம் நாளை சொல்லிவிட வேண்டும். சொல்லாமல்தான் அவள் வீட்டு மைலோவைக் குடித்துவிட்டு வந்தேன்.

புதன், 19/11

லீவு. டாக்டரிடம் எனக்குப் பல்வலி என்று சொல்லலாமா என்று யோசித்து, பல் டாக்டரிடம் அது வேண்டாம் என்று விட்டுவிட்டு உண்மையையே சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்ட வரிசை ஒன்றரை மணி நேரம். பார்வதி மஞ்சள் சேலை, நான் பை நிறையத் தாள்கள். கவுண்டர்ப் பெண் முனியாண்டியின் தாளைப் பார்த்துவிட்டு எந்த நாட்டுக்காரர் என்று மலாயில் கேட்டாள். சுங்காய் என்றாள் பார்வதி. அந்தப் பெண் முத்திரை குத்தினாள். முனியாண்டியை வார்டில் சேர்த்துவிட்டோம்.

கேன்டீனில் மீ கோரேங், முட்டை போட்ட நூடுல்ஸ், ஒரு தட்டு, இரண்டு பேரும். பாதி தட்டு முடிகிறவரை தள்ளிப்போட்டேன். பிறகு ஒரே மூச்சில்: அந்தக் குரல் பதிவு நான்தான், உன் பெயரைப் படித்தது நான், உன் மகளிடம் ஒருவன் அசிங்கமாகப் பேசியதும் என்னால்தான்.

அவள் முட்டையை முள்கரண்டியால் இரண்டாக வெட்டினாள். "தெரியும்க்கா" என்றாள். "நீங்க வாசல்ல நின்னு பேசுனீங்கள்ல, அப்பவே தெரியும். ரெண்டு நாளா வீட்டுல அந்தக் குரலத்தானே கேட்டுக்கிட்டு இருந்தோம்."

தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டிருந்தா நீங்க வெக்கப்பட்டுக்கிட்டு காடியில ஏறிப் போயிருப்பீங்க. எங்களுக்குக் கால் வேணும்." கொஞ்ச நேரம் சாப்பிட்டாள். "திட்டணும்னுதான் இருந்துச்சு. வியாழக்கிழமை முடியட்டும்னு வச்சிருக்கேன்."

பெரிய பாதி முட்டையை என் பக்கம் தள்ளினாள். சாப்பிட்டேன்.

நாளை: ஏழு மணிக்குள் வார்டு. அவருக்கு இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. சாரோங் இரண்டு, வாளி ஒன்று, பார்வதி போனுக்கு சார்ஜர். அறுவை முடிந்ததும் கேன்டீன், திட்டு வாங்க.