கோட்டை வாசலில் காவல்

கிளாஸ்கோ
8 அக்டோபர் 1961

அன்புத் தங்கை பெய்கிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த ஓட்ஸ் ரொட்டி அப்படியே இருக்கிறது. மலையிலிருந்து ஆடு இறக்க வருடம் ஒருமுறைதான் ஊருக்கு வருகிறேன், அன்றைக்கா இப்படி நடக்க வேண்டும்! நம் ஊர் லாக்லனின் ஆடுகள் ஒன்பதும் பாறையிலிருந்து கடலில் விழுந்தது கண்ணை விட்டுப் போகவில்லை. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் பாறை மேல் அந்தப் பாழுங்கோட்டையைக் கட்டிய மகராசர்கள் கடல் பக்கத்து மதிலைக் கொஞ்சம் பலமாகக் கட்டியிருக்கக் கூடாதா? அது சரியாமல் நின்றிருந்தால், உள்ளே புகுந்த ஆடுகள் பாறை விளிம்புக்குப் போயிருக்காது. லாக்லனின் நாய் மெக்குக்கும் வயதாகிவிட்டது, முன்போல நிதானம் இல்லை. என் வருத்தத்தை அவரிடம் சொல்.

உன் அண்ணன்
டோரமட்

கில்வோர், முல் தீவு
13 அக்டோபர்

அன்புள்ள அண்ணா,

ரொட்டியை வீணாக்காதே, பக்கத்து வீட்டுக்காவது கொடு. இங்கே ஆடு மேய்க்கிறவர்கள் எல்லாரும் கூட்டம் போட்டார்கள். ஆடுகளைக் கடலில் விரட்டிய நாயைச் சுட்டுவிட வேண்டும் என்று முடிவு. மனைவி போன பிறகு லாக்லனுக்கு மெக்தான் துணை. அவர் எல்லார் முன்னாலும் எழுந்து, "கோட்டை வாசல்ல ஆடு நுழையாம காவல் நின்னது டோரமட்தானே? அவன் எழுதட்டும். மெக்தான் விரட்டுச்சுன்னு அவன் சொன்னா நானே சுட்டுடறேன். அவன் பொய் சொல்ற ஆள் இல்ல" என்றார். அடுத்த சனிக்கிழமைத் தபால் கப்பல் வரும் வரை பொறுத்திருக்கிறார்கள்.

நடந்ததை நடந்தபடி எழுது அண்ணா. வேறொன்றும் கேட்கவில்லை.

பெய்கி

கிளாஸ்கோ
18 அக்டோபர்

அன்புள்ள பெய்கி,

நாலைந்து தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். அன்றைக்கு ஒரே பனிமூட்டம். நாய் குரைத்தது, திரும்பிப் பார்ப்பதற்குள் ஆடுகள் உள்ளே போய்விட்டன. மெக் விரட்டவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. ஊரே தீர்மானித்த பிறகு நான் ஒருத்தன் என்ன சொல்ல? குளிருக்கு உனக்கு ஒரு கம்பளிச் சால்வை அனுப்பியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

டோரமட்

கில்வோர்
22 அக்டோபர்

அண்ணா,

கடிதமும் சால்வையும் நேற்று வந்தன. அன்றைக்குப் பனிமூட்டம் இல்லை. கீழே ஓடையருகே நின்ற எனக்கே நீ தெரிந்தாய். வாசலை விட்டுவிட்டு, காற்றுக்கு முதுகைக் காட்டி மதிலோரம் குந்தியிருந்தாய். மெக் ஆடுகளைத் திருப்பத்தான் ஓடிற்று.

இதை நான் கூட்டத்திலேயே சொல்லியிருக்கலாம். நீயே சொல்வாய் என்று இருந்துவிட்டேன். நேற்று கப்பல்துறையில் உன் கடிதத்தைப் படிக்கச் சொன்னார்கள், படித்தேன். என் அண்ணனை ஊர் நடுவில் பொய்யனாக்க மனம் வரவில்லை. அந்த வாயில்லா ஜீவனுக்கு நாம் இரண்டு பேரும் துரோகம் செய்துவிட்டோம்.

லாக்லன் நாயைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனார். துப்பாக்கிச் சத்தம் என் அடுப்படி வரை கேட்டது.

சாயங்காலம் அவரே வந்து கதவைத் தட்டினார். எனக்கு உயிரே போய்விட்டது. "மெக் தப்பு பண்ணுச்சுன்னு நேரா சொல்ல மனசு வராம, எப்படிச் சுத்தி வளைச்சு எழுதியிருக்கான் பாரு, உங்கண்ணன். எம்மேல அவ்வளவு பாசம். நான் நன்றி சொன்னேன்னு எழுதும்மா" என்றார்.

எழுதிவிட்டேன்.

பெய்கி