கஸ்தூரியின் கை மெதுவானதல்ல

இன்று காலை வேங்கிக்கால் பேருந்து நிறுத்தத்துச் சுவரில் உங்கள் முகத்தைப் பார்த்தேன். பசைகூடக் காயவில்லை. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் உங்கள் பெயருக்கு மேலே ‘கணினி மேதை’ என்று போட்டிருந்தார்கள். எனக்குக் கண்ணீர் வரவில்லை, கோபம்தான் வந்தது. இனி நேரில் கேட்க வழியில்லாததால் எழுதுகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் இருக்கும். இதே சாலையில் ஒரு மாடியில் இருந்தது நம் அலுவலகம். பதினான்கு பெண்கள் குடும்ப விவரப் படிவங்களைக் கணினியில் ஏற்றுவார்கள். நீங்கள் தலைமை நிரலாளர், நான் உங்களுக்குக் கீழே. பதிவாகும் ஊர், தெரு, வயது எல்லாம் சரிதானா என்று சோதிக்கும் நிரல் நீங்கள் எழுதியது. அதை வேறு யாரும் தொடக் கூடாது.

ஊர்கள் சேரச் சேர வேலை மந்தமானது. ஒரு படிவத்தைச் சேமித்தால் திரை அப்படியே நின்றுவிடும். நீங்கள் நிரலைத் திறந்து பார்க்கவில்லை. அந்தப் பெண்களைத்தான் முறைத்தீர்கள்.

கஸ்தூரி கீழ்பென்னாத்தூரிலிருந்து பேருந்தில் வருவாள். எங்கள் அலுவலகத்தில் அவளைவிட வேகமாகத் தட்டச்சு செய்தவர்கள் கிடையாது. ஒருநாள் என்னிடம் வந்தாள்.

“அக்கா, ஊர்ப் பட்டியல் சின்னதா இருந்தா டக்குனு போவுது. பெருசா ஏத்தினா நிக்குது. நான் அடிச்சு முடிச்சப்புறம்தான் நிக்குது, வந்து பாருங்க.”

பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை. உங்கள் நிரலைத் திறக்க எனக்குப் பயம்.

மறுநாள் அவள் அதை உங்களிடமே சொன்னாள். எல்லோருக்கும் முன்னால் அவளை எழுப்பி நிற்க வைத்தீர்கள்.

“நாத்து நடற கை இது. இதுக்கு கீபோர்டு எதுக்கு? உன் கை ஓடலன்னா கம்ப்யூட்டர குறை சொல்லுவியா?”

“நாத்தும் வேகமாத்தான் சார் நடுவேன்” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். உங்களுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அடுத்த வாரம் நீங்கள் சென்னைக்குப் போயிருந்தபோது நிரலைத் திறந்தேன். ஒவ்வொரு படியும் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்தேன். சோதனை கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்தது. அதற்கு முன்னால் நடந்ததுதான் இழுத்தது. சோதனைக்கு வேண்டிய ஊர், தெருப் பட்டியலை முன்பே தயார் செய்துவிட்டோமா என்று தெரிந்துகொள்ள, உங்கள் நிரல் அத்தனை ஊரையும் தெருவையும் முதலிலிருந்து படித்து, சுருக்கி, ஓர் அடையாள எண்ணாக்கியது. ‘ஹாஷ்’ என்போமே, அது. பட்டியல் மாறாதபோதும், படிவத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் அதையே திரும்பத் திரும்பச் செய்தது. நேரத்தை மிச்சம் பிடிக்க நீங்கள் வைத்த ஏற்பாடே நேரத்தைத் தின்றிருக்கிறது. எண்ணை ஒரே முறை கணக்கிட்டு வைத்துக்கொள்ளும்படி ஆறு வரி மாற்றினேன். திரை நிற்கவில்லை. கஸ்தூரி சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி.

நீங்கள் திரும்பி வந்ததும் காட்டினேன்.

“இத யார்கிட்டயும் சொல்லாத. சரி பண்ணது நான்னே இருக்கட்டும்.”

“அப்போ கஸ்தூரிய கூப்பிடுங்க சார்.”

“போனவ போவட்டும். கூப்பிட்டா தப்பு நம்ம மேலன்னு ஆயிடும்.”

“தப்பு உங்க மேலதானே சார்?”

சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை அன்றும் மன்னிக்கவில்லை, நீங்கள் செத்துப்போனதற்காக இப்போதும் மன்னிக்கப் போவதில்லை. அந்த வாரமே வேலையை விட்டேன்.

கீழ்பென்னாத்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கஸ்தூரியைக் கண்டுபிடித்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். தாள்களை அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

“புரோகிராம்தான் தப்புன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்க்கா. அவர் என்னைய அப்படிப் பேசினப்ப நீங்க ஏன்க்கா ஒண்ணுமே சொல்லல?”

இப்போது எனக்குக் கீழேயும் சிலர் வேலை செய்கிறார்கள். மெதுவாக இருக்கிறது என்று யார் வந்து சொன்னாலும், எழுந்துபோய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். உங்களை வெறுத்தே இத்தனை வருடத்தை ஓட்டிவிட்டேன். அவள் கேட்டதற்கு மட்டும் என்னிடம் இன்னும் பதில் இல்லை.