பிடித்து வைக்காத பிள்ளைக்கு ஒரு பெட்டிசம்

மில்லிக்கன், ரொறன்ரோ
4.2.1997

அன்பு மகன் சீமோன் சுவாமிக்கு,

மாதாவின் காவலில் இங்கே மூவரும் சுகம், அங்கே பனி இடுப்பு வரை என்று ரீவியில் காட்டினார்கள், இடுப்புக்கு மேலேயாவது நீ சுகமாக இருக்க வேண்டுகிறோம். (இடுப்பு விசாரிப்பு என்னுடையது. நான் உன் தங்கச்சி துஷானி. தொழிற்சாலையில் பெட்டி தூக்கி அம்மாவின் மணிக்கட்டு சுளுக்கிவிட்டது. அவ சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். கவலை அவவுடையது, காற்புள்ளி என்னுடையது.)

மகன், நாங்கள் ஒரு பிழை விட்டுவிட்டோம். போன மாதம் நீ போனில் அப்பாவிடம், ஆயுதம் விற்பதற்கு எதிராகப் பாராளுமன்றத்துக்கு எழுதுங்கள் என்ற ஆயரின் கடிதத்தைப் பூசையில் வாசிக்க உங்கள் முகாமுக்குப் பெரியவரான கேணல் விடமாட்டாராம், இப்ப ஒன்றும் கதைக்கேலாது, இந்தக் கிழமை முகாமை விட்டு வெளியே வரவும் ஏலாது என்றாயாம். அப்பா போனை வைத்துவிட்டு, பெடியனை ஆமி பிடிச்சுப்போட்டுது என்று கதிரையில் இருந்துவிட்டார். நீ இந்த நாட்டு ஆமிக்கே சுவாமியாகப் போனவன் என்பது அவருக்கு நினைவில் வரவில்லை, எனக்கும்தான். ஊரில் ஒருவரைப் பிடித்தால் பெட்டிசம் எழுதி, கையெழுத்து வாங்கி, பங்குச் சுவாமியை முன்னால் விட்டுக் காம்ப் வாசலில் போய் நிற்போம். இங்கே காம்ப் வாசல் இரண்டு நாள் கார் ஓட்டம், பிடிபட்டவரே சுவாமி, ஆகவே தபாலில் அனுப்பினோம். தமிழ்ப் பூசை முடிய மண்டபத்தில் எண்பத்துமூன்று கையெழுத்து. சந்திரவதனா அன்ரி சைவம், முருகனும் படைத்தளபதிதானே, அவருக்கு விளங்கும் என்று சொல்லி அவவும் போட்டா. எங்கள் பாதரைத் தயவுசெய்து விடுதலை செய்யவும் என்று இங்கிலீஷில் அடித்தது துஷானி. (அப்பவே எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது அண்ணா. ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பகிடி வரவில்லை. எனக்கே வரவில்லை, யோசித்துப் பார்.)

நேற்றுக் கேணலின் பதில் வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார். உன்னை ஒருவரும் மறிக்கவில்லையாம், பனியால் றோட்டுத்தான் மூடியிருந்ததாம், பூசைக்கு ஒரு தடையும் இல்லையாம், அந்தக் கடிதம் மட்டும் அரசியலாம். யோசப் அங்கிள் வாசித்துவிட்டு, கேணல் சொல்லுறதிலையும் ஞாயம் இருக்கு, சுவாமியும் ஒஃபிசர்தானே, ஒஃபிசர் அரசியல் வாசிச்சால் ஆமிப் பெடியள் பிடிக்கேல்லை எண்டு எழும்பிப் போக ஏலுமோ என்றார். அப்பாவுக்குக் கோபம். பீடத்திலை நிண்டால் அவன் ஆயருக்குத்தான் கீழே, கேணலுக்கில்லை என்றார். அங்கிள் கதைக்கும்போது அங்கிள் சரி, அப்பா கதைக்கும்போது அப்பா சரி. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை மகன். ஊரில் எங்கள் சுவாமி ஷெல் விழ விழ ஆமியை ஏசிப் பிரசங்கம் வைத்தார், ஒருவரிடமும் கேட்கவில்லை. சுதந்திரமான நாடு என்று வந்த இடத்தில் நீ கேட்க வேண்டியிருக்கிறது. வாசித்தால் உன்னை அங்கிருந்து எடுத்துப்போடுவார்களாமே, பிறகு அந்தப் பெடியளுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்பது யார், அதுகளும் தாய் பெற்றதுகள். வாசிக்காவிட்டால் ஆயர் முகத்தில் எப்படி முழிப்பாய். அதற்குள் எங்களுடைய பெட்டிசம் வேறு உன் ஃபைலில் போய்க் கிடக்கும்.

அப்பா இரண்டாவது பெட்டிசம் அனுப்பவேணும் என்று நிற்கிறார். இந்த முறை என்னத்தைக் கேட்கிறது, விடுங்கோ எண்டு கேட்க அவனை ஒருத்தரும் பிடிச்சு வைக்கேல்லையே என்றேன். (பேப்பரைத் தைப்ரைட்டரில் மாட்டி வைத்திருக்கிறேன். 'ஐயா' என்பதோடு நிற்கிறது.)

சாப்பாட்டைத் தவறவிடாதே, காதை மூடித் தொப்பி போடு. மாதா உன்னைக் கையில் வைத்துக் காப்பாற்றட்டும், கேணலையும்தான். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. தவக்காலத்து முதல் ஞாயிறு, ஆயரின் கடிதத்தை வாசிக்கிற நாள் அன்று, பூசைக்கு முதல் வீட்டுக்குப் போன் எடு, பிறகு அல்ல. என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது. ஆனாலும் முதலே எடு.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா