பீடத் துணியும் உடைந்த காலும்

ஜூலை 6, ஞாயிறு

பூசை முடிந்து அறிவிப்பு வாசிக்கையில் சாமியார் சொன்னார்: "இந்த வருஷம் மாதா திருவிழாவுக்குப் புதுப் பீடத் துணி, குரோஷா ஓரம் பின்னி, நம்ம செலின் மேரி அம்மா தர்றாங்க." எந்தச் செலின் மேரி என்று நானும் திரும்பிப் பார்த்தேன். எங்கள் கோவிலில் நான் ஒருத்திதான் செலின் மேரி.

ரோஸி மேரியிடம் எப்போதோ "ஒண்ணு ஆரம்பிச்சு வெச்சிருக்கேன்" என்று சொன்னேன். பொய் இல்லை, ஆரம்பித்துத்தான் வைத்திருக்கிறேன். அதை நேரே சாமியாரிடம் கொண்டுபோவாள் என்று யார் கண்டது? பாட்டுக்குழுவில் நின்றுகொண்டு சிரித்தாளே ஒரு சிரிப்பு!

வீட்டில் வந்து சொன்னால் என் வீட்டுக்காரர் ஆன்டனி கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு சிரிக்கிறார். "நீ முடிச்ச ஒண்ணே ஒண்ணைக் காட்டுடி. நான் நடந்தே கோவிலுக்கு வர்றேன்."

யார் பேசுவது? மின்துறை லைன்மேன். எங்கள் ஊர் உறுவையாறு முழுக்க ஏறாத கம்பம் இல்லை. போன வாரம் எங்கள் வீட்டு டியூப் லைட்டை மாற்ற பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறி, விழுந்து, கணுக்காலில் மாவுக்கட்டு. இவர் என்னைக் கேலி செய்கிறார்.

ஜூலை 7

பரண்மேல் இருந்த பையை இறக்கினேன். மகள் ஜெனிபரின் ஞானஸ்நானத்துக்கு ஆரம்பித்த கவுன், இடுப்போடு நிற்கிறது. அவள் இப்போது காரைக்காலில் நர்சிங் படிக்கிறாள். தும்பிக்கை இல்லாத யானை ஒன்று. ஸ்வெட்டருக்கு ஒரு கை. கை மட்டும்தான், ஸ்வெட்டர் இல்லை. எல்லாவற்றுக்கும் அடியில் பீடத் துணிக்கான ஓரம். ஒரு முழம் இருக்கும். பீடத்தின் மூன்று பக்கத்துக்கும் வேண்டும்.

"இது இன்னா, சாமிக்கு ரிப்பனா?" என்றார் ஆன்டனி.

மாவுக்கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவர் விரல்கள் ஃபேன் காற்றில் சில்லிட்டுக் கிடந்தன. கோபத்தோடு அந்த ஸ்வெட்டர் கையை எடுத்து அவர் பாதத்தில் மாட்டிவிட்டேன். கச்சிதமாகப் பொருந்தியது. ஒரு வேலை முடிந்தது.

ஜூலை 15

அன்னாசிப்பழ வடிவ ஓரம். கான்வென்ட் சிஸ்டர் சொல்லிக்கொடுத்தது சுத்தமாக மறந்துவிட்டது. யூட்யூபில் ஓர் அமெரிக்கக்காரி அதையே போடுகிறாள். அவள் 'டபுள்' என்ற இடத்திலெல்லாம் எனக்குத் தெரிந்த டபுள் பின்னலைப் போட்டேன். நான்கு நாள் உழைப்பு.

பக்கத்து வீட்டு தையலம்மாள் வந்து தூக்கிப் பார்த்தாள். "பூண்டா? நல்லாத்தான் கீது. ஆனா எங்க பூசைக்குப் பூண்டு ஆவாது. உங்க சாமிக்கு ஆவுமா?"

அவள் கேலி செய்யவில்லை, நிஜமாகவே கேட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை. பழைய ஓரத்தில் இருந்த அன்னாசியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பூண்டேதான். பிரித்துவிட்டேன். கொஞ்சம் அழுதேன்.

ஜூலை 16

இன்றும் பூண்டு.

ஜூலை 19

ஆன்டனிக்கு இங்கிலீஷ் பேச்சு புரியாது. பொழுது போகாமல் என் தோளுக்குப் பின்னாலிருந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று, "அந்தம்மா நூலை ஊசியில ஒரு சுத்து சுத்திட்டுக் குத்துறா. நீ சுத்தாமலே குத்துற" என்றார்.

திருப்பி ஓட்டினேன். ஆமாம்! எங்கள் சிஸ்டர் 'ட்ரெபிள்' என்று சொன்னதைத்தான் இந்த அமெரிக்கக்காரி 'டபுள்' என்கிறாள். பெயரைக் கேட்டுப் பின்னினேனே தவிர, அவள் கையைப் பார்க்கவே இல்லை. இத்தனை பூண்டும் அதனால்தான்.

முதல் அன்னாசி மாலையில் விரிந்தது. அவரிடம் நன்றி சொல்லவில்லை. ராத்திரி மீன் குழம்பு வைத்தேன். புரிந்துகொள்ளட்டும்.

ஜூலை 28

"கை சும்மா கீது, ஒரு ஊசி குடு" என்றார். விளையாட்டு என்று நினைத்துக் கொடுத்தேன். அவர் போட்ட சங்கிலிப் பின்னலில் ஊசி நுழையவே இல்லை, அத்தனை இறுக்கம். "கம்பத்துல கட்டற கம்பி இல்லீங்க, நூலு. விட்டுப் பிடிங்க" என்றேன். முறைத்தார். ஆனால் விட்டுப் பிடித்தார்.

ஆகஸ்ட் 4

அவரோடு வேலை செய்யும் பக்கிரி பார்க்க வந்தார். வண்டிச் சத்தம் கேட்டதுமே இவர் பின்னலைப் போர்வைக்கடியில் தள்ளிவிட்டார். பக்கிரி சரியாக அதன்மேல் உட்கார்ந்தார். "ஐயோ!" என்று கூரை இடிக்க எழுந்தார்.

"எல்லாம் செலினோட வேலை. கண்ட இடத்துல ஊசியை வெச்சிடும்" என்றார் என் புருஷன், கொஞ்சமும் கூசாமல்.

ஆகஸ்ட் 9

அவர் போடும் அன்னாசி என்னுடையதைவிட அழகாக இருக்கிறது.

இதை எழுதவே கை வரவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நாள் நெருங்குகிறது. முன்பக்கம் முடிந்தது; மிச்சம் இரண்டை ஆளுக்கொரு பக்கம் என்று பிரித்துக்கொண்டோம்.

சாயங்காலம் அவர் ஒரு வரிசையின் நடுவில் இருக்கும்போது பக்கிரி போன் செய்தார். பேசி வைத்துவிட்டுப் பார்த்தால் எண்ணிக்கை விட்டுப் போயிருந்தது. பாதியைப் பிரிக்க வேண்டியதாயிற்று. பக்கிரியைக் கண்டபடி திட்டினார். பிறகு ஊசியே ஓடவில்லை.

"செலினு."

"இன்னாங்க?"

"நான் தண்ணி, டீன்னு கூப்பிட்டப்பல்லாம் நீயும் இப்டித்தான் நடுவுல வெச்சிட்டு வந்தியா?"

"நீங்க மட்டுமா? ஜெனிபர் கூப்பிடுவா. உங்க அம்மா இருந்தப்ப அவங்க கூப்பிடுவாங்க" என்றேன்.

பரணைப் பார்த்தார். அப்புறம் தண்ணீர் குடிக்க ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு அவரே அடுப்படிக்குப் போனார். ஒரு டம்ளரும் இரண்டு தட்டும் உருண்டன. நான் எழுந்திருக்கப் போனேன். "உக்காருடி!" என்று சத்தம் வந்தது.

உட்கார்ந்தேன். அந்த வரிசையை முடித்தேன். கண் ஏன் கலங்கியது என்று தெரியவில்லை. டம்ளர் நசுங்கியிருந்தது, அதற்காக இருக்கலாம்.

ஆகஸ்ட் 22

மாவுக்கட்டைப் பிரித்தாகிவிட்டது. கொஞ்ச நாள் கம்பு ஊன்றி நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். கம்பம் ஏற இன்னும் ஒரு மாதம் ஆகுமாம்.

செப்டம்பர் 6

தைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டாகிவிட்டது. மடிக்க மனசில்லை. கட்டிலில் விரித்து வைத்துவிட்டு நாங்கள் தரையில் படுக்கிறோம்.

செப்டம்பர் 8, திருவிழா

பீடத்தில் துணி விழுந்திருந்த அழகைப் பார்த்து ஜெபத்தைப் பாதியில் விட்டுவிட்டேன். பூசை முடிந்ததும் ரோஸி மேரி வந்தாள். ஓரத்தைத் தூக்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். "இந்தப் பக்கம் ரொம்ப அழகா வந்துகீது. அந்தப் பக்கம் அவசரமாப் போட்டியா, செலினு?"

அந்தப் பக்கம் என்னுடையது.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. "நீ அழகுன்னு சொன்னது அவரு போட்டது" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஆன்டனியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கம்பை ஊன்றிக்கொண்டு சீரியல் பல்பு ஒயரை மும்முரமாகச் சோதித்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவப்பு.

திருவிழாச் சாப்பாட்டுக்கு வந்திருந்த பக்கிரிதான் வாயைத் திறந்தார்: "அப்ப அன்னிக்கு என்னைக் குத்துனது உன் ஊசியாடா?"

சாமியார்கூடச் சிரித்துவிட்டார். ஆன்டனி சிரிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் மெதுவாகக் கேட்டார்: "ரோஸி நெஜமாவே அழகுன்னுச்சா?"

அக்டோபர் 12, ஞாயிறு

முதலைச் செதில் பின்னல் என்று புதிதாக ஒன்று கற்றுக்கொள்கிறேன். செதில் மேல் செதிலாக அடுக்கி ஒரு கைப்பை. எனக்கு.

நான்கு மணிக்கு இவர் டீ போடப் போனார். டப்பா டப்பாவாகத் திறக்கும் சத்தம். "செலினு, சர்க்கரை எங்கடி?"

"வரிசை நடுவுல இருக்கேன்."

இன்னும் இரண்டு டப்பா திறந்தது. பிறகு சத்தம் நின்றது. டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். "சர்க்கரை கெடைக்கல" என்று சொல்லிவிட்டு, தன் டீயை முகம் சுளித்துக் குடித்தார்.

வரிசையை முடித்துவிட்டுத்தான் டம்ளரை எடுத்தேன். இனிப்பே இல்லை. ஆனால் சூடாக இருந்தது.